நன்றி பகுதியில் ஒரு பெயர்

ஏப்ரல் 3

இடம்: நாணலாறு, ஆனைமடு. நேரம்: காலை 7. நீர் வெப்பம்: 28. உயிருடன் எண்ணியவை: 212. உடன் வந்தவர்: பேச்சித்தாய்.

கள நோட்டில் இவ்வளவுதான் எழுத முடியும். மீதியை எழுத இந்த நோட்டு.

கட்டுரை வெளியாகிவிட்டது. பதினான்கு மாத வேலை, ஒன்பது பக்கம். நாற்பது ஆண்டுகளாக யாரும் உயிருடன் பார்த்ததாகப் பதிவு இல்லாத ஓர் ஆற்று மட்டி நாணலாற்றின் ஒரே ஒரு மடுவில் இன்னும் இருக்கிறது என்பதுதான் விஷயம். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு ஓடு. உள்பக்கம் ஊதா. மணலில் பாதி புதைந்துகொண்டு, ஆற்றுத் தண்ணீரை இழுத்து வடிகட்டி வெளியே விடும். அதுதான் அதன் முழு வாழ்க்கை. புலிக்கு அழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதற்கு அழக்கூடியவர்கள் இந்த நாட்டில் ஒரு வேனில் அடங்குவோம்.

கரையில் உட்கார்ந்து கைபேசியில் கட்டுரையைத் திறந்து பேச்சித்தாயிடம் காட்டினேன். கடைசிப் பக்கம், நன்றி பகுதி: இந்த மடுவை எங்களுக்குக் காட்டியவர் கீழநாணல் ஊரைச் சேர்ந்த திருமதி பேச்சித்தாய். அவரின்றி இந்த ஆய்வு இல்லை.

"இதுல எது டீச்சர் எம்பேரு?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"இங்கிலீசுல எம்பேரு இம்புட்டு நீளமா? ரேஷன் கார்டுல இத்துனூண்டுதான் இருக்கு. சரி, இத வச்சு என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதுக்கா."

"பெறவு எதுக்கு இந்தச் சிரிப்பு?"

அந்தப் பெயருக்காக ஹரிஹரன் சாருடன் மூன்று வாரம் சண்டை போட்டிருக்கிறேன். அவர் எங்கள் ஆய்வகத் தலைவர். கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. "உள்ளூர்வாசி ஒருவர் என்று போட்டால் போதும் எஸ்தர், அதுதான் வழக்கம்" என்றார். வழக்கம் எனக்குத் தெரியும். என் அப்பா இருபத்தாறு வருடம் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர். தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றி யாரோ ஒருவர் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினார். கல்லூரி நூலகத்தில் அதை எடுத்துப் பார்த்தேன். வயது, எடை, வேலை பார்த்த வருடம் எல்லாம் ஒத்துப்போன ஒரே ஆள் 'தொழிலாளி 14'. அதற்குள் அப்பா இறந்திருந்தார்.

அதனால் பெயர் போடுங்கள் என்றேன். ஊரையும் போடுங்கள் என்றேன். சார் சலித்துப்போய் விட்டுக்கொடுத்தார்.

ஏப்ரல் 10

டவுனில் ஒரு வக்கீல் என் கட்டுரையை இணைத்து வழக்குப் போட்டிருக்கிறார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனைமடுவுக்குக் கீழே இருக்கும் மணல் குவாரி இந்தக் கோடையில் மேலே நகர அனுமதி கேட்டிருக்கிறது. அப்படி நகர்ந்தால் முதலில் போவது மடுதான். மே 21 அன்று ஆய்வுக் குழு நேரில் வரும். மட்டி உயிருடன் இருந்தால் குவாரிக்கு அனுமதி இல்லை.

சார் போனில் துள்ளினார். "இதுதான் எஸ்தர் விஞ்ஞானம்! உன் புதுப்பிப்பு நிச்சயம்." டாக்டர் பட்டம் வாங்கி மூன்று வருடமாகியும் நான் வருடக் கூலிதான். ஜூலையில் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் சொந்த ஊருக்கு, ஆம்பூர் பஸ்.

ஏப்ரல் 15

கடைசியாகக் கிடைத்த பதினோரு மட்டிகளுக்கும் எண் ஒட்டி முடித்தோம். மட்டியைத் துடைத்து, ஓட்டில் ஒரு சொட்டு ஃபெவிக்விக், அதன்மேல் அரிசி அளவு மஞ்சள் சில்லு. சில்லில் எண். அளந்து, எழுதி, எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே திரும்ப நட வேண்டும். இப்போது 212-க்கும் எண் உண்டு. மாதிரிக்காக ஒன்றைக்கூட நான் சாராயத்தில் போடவில்லை. இருப்பதே இருநூறு, அதிலும் கொலையா? சாருக்கு அதில் வருத்தம்.

நான் கண்ணாடி அடிப்பாகம் வைத்த வாளியைத் தண்ணீரில் அமுக்கிக் குனிந்து தேடுவேன். பேச்சித்தாய் நிமிர்ந்து நின்று, எங்கோ பார்த்தபடி காலால் தேடுவாள். விரல் நுனியில் பட்டதும் நிற்பாள். என் வாளிக்கு அகப்பட்டது 60. அவள் காலுக்கு 152.

"ஓடு வெட்டாதாக்கா?"

"இந்த மடு எங்காலுக்குப் பழக்கம். புது எடம்னாத்தான் வெட்டும்."

துவைக்கிற கல்லில் இருந்த பெண்கள் கத்தினார்கள்: "ஏ பேச்சி, ஒங்க மட்டி டீச்சர் ஆதார் கார்டும் எடுத்துக் குடுப்பாவளா அதுகளுக்கு?"

"குடுப்பாவ. ஒனக்கு இன்னும் வரலல்லா, கூட வந்து நில்லு" என்றாள் பேச்சித்தாய், காலை எடுக்காமல்.

ஏப்ரல் 22

துரைச்சிங்கம் என்பவர் வந்தார்.

உரக்கடை மாடியில்தான் என் அறை. காலை பதினொரு மணி, தெருவெல்லாம் ஆள். அவர் செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கணக்கு வாத்தியார் முகம். "குவாரிய நான்தான் பாத்துக்கிடுதேன்" என்றார். டீ போட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல்தான் போட்டேன்.

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து என் கட்டுரையை எடுத்தார்.

"நல்லா எழுதிருக்கிய தங்கச்சி. எங்க வீட்டுச் சின்னவ காலேஜ் படிக்கா, அவதான் வாசிச்சுச் சொன்னா. மட்டிக் குஞ்சு மீன் செவுள்ல தொத்திக்கிட்டு ஊர் ஊராப் போகுமாம்லா! ஆத்தங்கரையிலயே பெறந்தவன் நான், எனக்கே தெரியாது." நிஜமாகவே வியந்தார். "சொந்த ஊரு எது?"

"ஆம்பூர்."

"அப்பா?"

"தோல் தொழிற்சாலை."

"ஓனரா?"

"தோல் ஊறப்போடுகிற வேலை."

"சரி, சரி" என்றார். அதற்குப் பிறகு டீயை அவர் தொடவில்லை.

நான்காம் பக்கத்தைத் திருப்பினார். மடுவின் அட்சரேகை, தீர்க்கரேகை. ஐந்து தசம இடம் வரை நான் கொடுத்திருக்கிறேன், ஒரு மாட்டுவண்டி நிற்கும் இடத்துக்குள் வந்து நிறுத்தும் துல்லியம். அதன்மேல் மஞ்சள் மை. பிறகு கடைசிப் பக்கம். அங்கேயும் மஞ்சள் மை.

"எனக்குப் புடிச்சது இந்தப் பக்கம்தான். நன்றி சொல்லுத பழக்கம் இப்ப யாருக்கு இருக்கு? பேச்சித்தாய்… நம்ம கந்தையா பொஞ்சாதிதான? கந்தையா நம்மகிட்டதான் லோடு ஏத்துதான். பாவப்பட்ட குடும்பம், பாத்துக்கிடுங்க." எழுந்தார். "வாரேன் தங்கச்சி. மாடிப்படி வழுக்குது, கவனமா எறங்குங்க."

படி வழுக்கவில்லை. அவர் போனபின் போய் மிதித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 23

ஆற்றுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 24

போகவில்லை. வெப்பமானிக்கு பாட்டரி மாற்றினேன். பழைய பாட்டரி நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 26

கீழநாணலுக்குப் போனேன். பேச்சித்தாய் வாசலில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க டீச்சர். ஒங்க ஆளு வந்துட்டுப் போயாச்சு."

"என் ஆளா?"

"ஒங்க பேப்பரப் பாத்துட்டு வந்தா ஒங்க ஆளுதான?"

"மிரட்டினாராக்கா?"

"மிரட்டல. டீ வாங்கிக் குடிச்சாரு. கந்தையா நல்லா ஒழைக்கான்னாரு. மவ பத்தாப்புல என்ன மார்க்கு எடுப்பான்னு கேட்டாரு. எந்தப் பஸ்ஸுல போறா, எத்தன மணிக்குத் திரும்புதான்னு கேட்டாரு. மிரட்டவே இல்ல."

இலை, தூள், நூல். அவள் கை நிற்கவே இல்லை.

"ஒரு பேப்பர் கொண்டாருவாவளாம். அந்த மடுவுல மட்டியே கெடையாதுன்னு நான் கையெழுத்துப் போடணுமாம்."

"போடாதீங்கக்கா. நான் வக்கீல்கிட்ட பேசறேன். போலீஸ்ல…"

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததில்லை. பிறகு 'டீச்சர்' போனது, மரியாதையும் போனது.

"எம்பேர மொதல்ல அதுலேர்ந்து எடு."

"வெளியாயிடுச்சுக்கா. எடுக்க முடியாது."

"போடத் தெரிஞ்சுதுல்லா? நான் கேட்டனா? எம்பேரப் போடுன்னு ஒருநாளாச்சும் ஒன்னயக் கேட்டனா?"

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பதினாலாம் எண்ணைப் பற்றிச் சொன்னேன். பெயரில்லாமல் போவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று, அவளுடைய வாசலில் நின்று அவளுக்கே சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்கப்பா செத்துட்டாரு. நான் இருக்கேன்."

மே 2

நன்றி பகுதியிலிருந்து ஒரு பெயரை நீக்க வேண்டும் என்று ஆய்விதழுக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது. நீக்கலாமாம். ஆனால் 'திருத்தம்' என்ற தலைப்பில் தனி அறிவிப்பு போடுவார்களாம். அதில் எந்தப் பெயர், ஏன் நீக்கப்பட்டது என்ற விவரம் இருக்குமாம். வெளிப்படைத்தன்மைக்காக.

நீக்க வேண்டாம் என்று பதில் எழுதினேன்.

அம்மாவிடம் பேசினேன். "குரல் ஏன் இப்பிடி இருக்கு?" என்றாள். சளி என்றேன்.

மே 6

மதியம் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் தூக்குச்சட்டி. உரக்கடைப் பையனைக் கேட்டதில், "டீச்சருக்குன்னு குடுத்துட்டுப் போனாவ" என்றான். யார் என்று தெரியவில்லையாம். வீட்டுக்காரம்மா சில நாள் குழம்பு கொடுப்பதுண்டு. திறந்தேன். சூடாக இருந்தது. மிளகு வாசம், தேங்காய் வாசம். ஒரு கரண்டி தட்டில் ஊற்றினேன்.

மட்டிக் கறி.

கரண்டியை விட்டுக் கிண்டினேன். அடியில் மஞ்சளாக ஏதோ. எடுத்துக் கழுவிப் பார்த்தேன். 118.

பிறகு எல்லாவற்றையும் ஒரு வடிகட்டியில் கொட்டிக் கழுவினேன். 9, 23, 31, 77. மொத்தம் நாற்பத்தெட்டுச் சில்லுகள். வரிசையாக மேசையில் அடுக்கி, கள நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே தேதி போட்டேன். காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.

கதவில் தாழ்ப்பாளுக்கு மேல் நாற்காலியையும் சாய்த்து வைத்திருக்கிறேன். பகல் இரண்டு மணி.

மே 7

பஸ்ஸில் பாலம் வரை போனேன். ஆனைமடுவில் இரண்டு பொக்லைன்கள். இறங்கவில்லை. அதே பஸ்ஸில் அடுத்த ஊர் வரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் திரும்பினேன். போனில் எடுத்த படத்தில் ஜன்னல் கம்பிதான் தெளிவாக இருக்கிறது.

வக்கீலுக்கு அனுப்பினேன். "இடைக்காலத் தடை கேட்போம்" என்றார். தடைக்கு நாள் கிடைத்தது மே 23.

மே 13

பேச்சித்தாயின் வாக்குமூலத்தை சார் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். மேலே ஒரு வரிகூட எழுதவில்லை.

"நான் கீழநாணலில் பிறந்து வளர்ந்தவள். ஆனைமடுவில் மட்டி என்ற உயிரினத்தை ஒருபோதும் கண்டதில்லை. மேற்படி ஆராய்ச்சியாளர் கூலிக்கு அழைத்ததால் உடன் சென்றேன். அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன்."

கீழே அவள் கையெழுத்து. பே பெரிதாகவும் ய் சின்னதாகவும். என் வவுச்சர்களில் நூறு முறை பார்த்த கையெழுத்து.

அவளை நான் குறை சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? எந்த பஸ் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

(மேலே எழுதியது பொய். போன் போட்டு அவளிடம் கத்தினேன். "துரோகி" என்று சொன்னேன்.  அவள் பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது.)

மே 21

ஆய்வுக் குழு வந்தது. நான்கு பேர், இரண்டு கார், ஒரு சாப்பாட்டு வேன்.

ஆனைமடு இப்போது பனைமரம் முழுகும் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம். அதில் இறங்கி வாளியை அமுக்கிப் பார்த்தேன். நான்கு பேரும் மேலே குடை பிடித்து நின்று பார்த்தார்கள். சேறு தெரிந்தது. இடம் மாற்றி மாற்றி அமுக்கினேன். துரைச்சிங்கம் ஒருவரை அனுப்பி எனக்கு மோர் கொடுத்தார். வேண்டாம் என்றேன். தாகத்தில் நாக்கு ஒட்டியது.

"இங்கே இயந்திரம் வைத்துத் தோண்டியிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டேன். "அது தனிப் பொருள்" என்றார் குழுத் தலைவர். "நாம் வந்தது உயிரினம் பற்றி."

செத்த ஓடுகளைக் காட்டினேன். எந்த ஆற்றிலும் கிடைக்கும் என்றார்கள். படங்களைக் காட்டினேன். எங்கே எடுத்தது என்று படம் சொல்லாது என்றார்கள். இரண்டும் சரிதான். நானே இன்னொருவர் கட்டுரைக்கு மதிப்புரை எழுதினால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பேச்சித்தாயைக் கூப்பிட்டார்கள்.

"இங்க மட்டி பாத்திருக்கியாம்மா?"

"இல்ல சார்."

"இந்த மேடம் பாத்தாங்களா?"

"அவிய என்னமோ குனிஞ்சு பாப்பாவ. எனக்கென்ன தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தேன். இரண்டு பாதத்திலும், கணுக்கால் வரை, ஆறிவரும் வெட்டுக்காயங்கள். மஞ்சள் அப்பியிருந்தாள். எங்கேயோ கண்ணாடிச் சில்லில் மிதித்திருப்பாள் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

மே 30

ஒரு பைக் மூன்று நாளாக உரக்கடை எதிரே நிற்கிறது. கடைக்கு வருகிறவனாகவும் இருக்கலாம். எண்ணைக் குறித்தேன். பிறகு எதற்குக் குறித்தேன் என்று அடித்தேன்.

ஜூன் 3

எங்கள் ஆய்வு நிறுவனத்திலிருந்து நோட்டீஸ். தரவைப் புனைந்ததாகப் புகார். ஜூன் 12 அன்று சென்னையில் விசாரணை. எண் ஒட்டிய மட்டி ஒன்றையாவது உயிருடன் காட்ட முடிந்தால், அந்த எண்ணும் அளவும் என் கள நோட்டோடு ஒத்துப்போனால், புகார் தள்ளுபடி. இல்லாவிட்டால் கட்டுரை திரும்பப் பெறப்படும், நான் வெளியே. விசாரணைக் குறிப்பின் நகல் வழக்கில் இருக்கும் எல்லாத் தரப்புக்கும் போகும்.

சார் போனில் கேட்டார்: "ஒரே ஒரு மாதிரி எடுத்து வைத்திருக்கக் கூடாதா எஸ்தர்? ஒன்றே ஒன்று?"

ஜூன் 10

பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். நாற்காலியை எடுக்காமலே "யாரு?" என்றேன்.

"ஒங்க துரோகி."

பேச்சித்தாய். கையில் பீடிக் கம்பெனிக்குப் போகிற கூடை. உள்ளே வந்து அவளே கதவைச் சாத்தி நாற்காலியைத் திரும்பச் சாய்த்து வைத்தாள். பீடிக் கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். ஈரச் சாக்கு. சாக்கைப் பிரித்தால் மட்டி. மஞ்சள் சில்லில் 47. நான் தொட்டதும் ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டது.

எனக்கு அழுகை வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நீ என் வாசல்ல நின்னு பிரசங்கம் பண்ணிட்டுப் போனல்லா, அதுக்கு மறுநாள் வெள்ளனயே எடுக்க ஆரம்பிச்சேன். எட்டு நாளு. சருவத்துல அடியில அதுக, மேல ஈரத்துணி. துவைக்கப் போற பொம்பளைய எவன் பாக்கான்? குவாரிப் பக்கத்துக் கரையில கெடந்தத அவனுவ எடுத்துட்டானுவ. மிச்சம் நூத்தி அறுவத்தி நாலு."

"எண்ணினீங்களா?"

"ஒங்கூட ஒரு வருசம் எண்ணிட்டு எண்ணாம இருக்க முடியுமா? எண்ணாட்டி ராத்திரி ஒறக்கம் வரமாட்டக்கு. என்ன சீக்கக் குடுத்துருக்கியோ."

"எங்கக்கா இருக்கு?"

"சொல்லமாட்டேன்."

"என்கிட்டயா?"

"ஒங்கிட்டதான். நீ எழுதிருவ."

47-ஐத் திரும்ப ஈரச் சாக்கில் சுற்றினேன். 

"வேல போயிரும்னு கந்தையா சொன்னாரு. இத கொண்டு போய்க் காட்டு. மத்ததெல்லாம் ஒம்பாடு. ஆனா என்னயக் கூப்ட்டு கேட்டாவன்னா, எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். துரைச்சிங்கத்துக்கிட்டயும் அதான் சொல்லுவேன்." கூடையைத் தூக்கினாள். "அவரு நம்புவாரோ மாட்டாரோ."

வாசலில் திரும்பினாள். "மவளுக்குப் பதினொண்ணுல சீட்டு கெடச்சிருக்கு. அதே பஸ்ஸுதான்."

அவள் போனபின் ஓட்டில் ஒட்டியிருந்த பாசியை லென்ஸில் பார்த்தேன். அந்த வகைப் பாசி நாணலாற்றில் ஓரிடத்தில்தான் உண்டு. நானேதான் வரைபடத்தில் குறித்திருக்கிறேன். அந்த வரைபடம் கட்டுரையில் இல்லை. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, அடுப்பில் வைத்தேன்.

ஜூன் 12

மூன்று பேர், நீள மேசை, பிஸ்கட் தட்டு. ஹரிஹரன் சார் ஓரமாக உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காலடியில் பை. பைக்குள் டப்பா. டப்பாவுக்குள் 47.

நேற்று ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். மூடி திறந்து இரண்டு முறை தண்ணீர் தெளித்தேன். எதிர் சீட் அம்மா "தயிர் சாதமா? கெட்டுடப் போகுது" என்றார்.

"உயிருள்ள மாதிரி ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா, டாக்டர் எஸ்தர்?"

டப்பாவை எடுத்து மேசையில் வைத்தால் முடிந்தது. இரண்டு நிமிடம். 47, நீளம் 61 மில்லிமீட்டர். என் நோட்டு, அவர்கள் அளவுகோல். பிறகு அடுத்த கேள்வி: எங்கிருந்து எடுத்தீர்கள்? சொல்லமாட்டேன் என்றாலும் அது குறிப்பில் ஏறும். நகல் துரைச்சிங்கத்துக்குப் போகும். அவர் வீட்டுச் சின்னவள் வாசித்துச் சொல்வாள். மஞ்சள் மை எடுத்துக் கோடு போடுவார். மடுவிலிருந்து மட்டியை எடுத்து வேறெங்கோ வைக்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி நான், அன்று பஸ்ஸிலிருந்து இறங்காதவள்.

"இல்லை" என்றேன்.

"ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"இல்லை."

காலை மாற்றியபோது பையில் இடித்து டப்பா மேசைக்காலில் டங்கென்று மோதியது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

"சாப்பாடு" என்றேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் சார் என் பக்கத்தில் வந்து, "உன்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் கழிப்பறைக்குப் போய் டப்பாவைத் திறந்து 47 மேல் தண்ணீர் தெளித்தேன்.

இதைத் தியாகம் என்று பின்னாளில் நானே நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்: பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஜூன் 15

கட்டுரையை எழுதிய நாங்களே கேட்டதால் ஆய்விதழ் மூன்றே நாளில் வேலையை முடித்துவிட்டது. கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பில் 'திரும்பப் பெறப்பட்டது'. கடைசிப் பக்கத்தில் அந்தச் சிவப்பு அவள் பெயரின் மேலேயே ஓடுகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் படிக்க முடிகிறது.

உரக்கடை எதிரே பைக் இல்லை. இல்லாததும் பயமாக இருக்கிறது.

புது நோட்டு ஒன்று வாங்கி இதையெல்லாம் முதலிலிருந்து திரும்ப எழுதினேன். நாள் முழுக்க ஆனது. நாணலாறு என்று ஓர் ஆறு இல்லை. ஆனைமடு, கீழநாணல் இல்லை. பேச்சித்தாய் என்பது அவள் பெயரே இல்லை. அவள் பெயரின் முதல் எழுத்துகூட இந்த நோட்டில் இல்லை. அவளுக்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் நெடுநேரம் யோசித்தேன். அப்பாவைப் பதினாலு என்று எழுதியவனும் இப்படி யோசித்திருப்பானா? மாட்டான். அவன் பெயரே கேட்டிருக்க மாட்டான்.

பழைய நோட்டு எரிய நேரமானது. அட்டை நல்ல அட்டை.

ஜூன் 17

துணிமூட்டையோடு போனேன். யாரும் பார்க்கவில்லை.

இடம்:

நேரம்: காலை. நீர் வெப்பம்: 26. முதல் மழைத் தண்ணீர் வந்துவிட்டது.

உடன் வந்தவர்: யாருமில்லை.

உயிருடன் எண்ணியவை: 1, திரும்ப நட்டேன். மற்றதை எண்ணவில்லை. வாளி கொண்டுபோகவில்லை. கால் முழுக்க வெட்டு.